ஆர்7-ம் 100-400-ம் வச்சிருக்கவங்க எக்ஸ்டெண்டர் வாங்கலாமா?

தம்பி, நீ கேட்டத முதல்ல சுருக்கிச் சொல்லிருதேன், வேற யாராவது வாசிச்சாலும் வெளங்கணும்லா. கையில கேனான் ஆர்7 இருக்கு, ஆர்எஃப் 100-400 எஃப்5.6-8 லென்ஸ் இருக்கு. கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடி காயல்ல பூநாரை எடுக்கப் போனா பறவை ஃப்ரேம்ல பொடுசா நிக்குது, அதனால லென்ஸோட எட்டத்த 1.4 மடங்கு கூட்டுத 1.4 எக்ஸ் எக்ஸ்டெண்டர் வாங்கவா, ரெண்டு மடங்கு கூட்டுத 2 எக்ஸ் வாங்கவான்னு யோசனை. நிலாவையும் வள்ளுவர் சிலையையும் ஒண்ணா எடுக்கணும்னு ஆசை. உங்க அண்ணன் கல்யாண போட்டோ எடுக்கவரு, அவருட்ட பழைய இஎஃப் (உள்ள கண்ணாடி வச்ச டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குச் செஞ்ச மவுண்ட்) 70-200 எஃப்2.8 ரெண்டாவது மாடல் கெடக்கு, அத வச்சு ஏதாவது பண்ண முடியுமான்னும் கேட்டிருக்க.

பதில முதல்லயே சொல்லிருதேன். பறவைக்கு இந்த லென்ஸ்ல 2 எக்ஸ் வேண்டவே வேண்டாம். 1.4 எக்ஸ் ஓசியில கெடச்சா மாட்டிப் பாரு, காசு குடுத்து வாங்காத, அந்தக் காச அப்படியே வை, எதுக்குன்னு கீழ சொல்லுதேன்.

டெலிகன்வர்ட்டர்ங்கது (கேனான்காரன் எக்ஸ்டெண்டர்னு சொல்லுவான், சாமான் ஒண்ணுதான்) லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல மாட்டுத ஒரு சின்ன கண்ணாடித் தொகுப்பு. லென்ஸ் கொண்டாந்து குடுக்கிற பிம்பத்தோட நடுப்பகுதிய எடுத்துப் பெருசாக்கி சென்சார்ல விழ வைக்குது, அவ்வளவுதான் அதோட வேலை. 1.4 எக்ஸ் போட்டா ஒரு ஸ்டாப் வெளிச்சம் போவும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும்), 2 எக்ஸ் போட்டா ரெண்டு ஸ்டாப். உன் லென்ஸ் 400-ல எஃப்8, இந்த எஃப் நம்பர் ஏற ஏற வெளிச்சம் கொறையும். 1.4 போட்டா 560 எஃப்11, 2 போட்டா 800 எஃப்16. இது எல்லாரும் சொல்லுததுதான், யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு.

400-ஐ எட்டால வகுத்துப் பாரு, 50 வரும். 560-ஐ பதினொண்ணால வகு, ஏறக்குறைய 50. 800-ஐ பதினாறால வகு, அதே 50. அந்த 50 மி.மீ.தான் உன் லென்ஸோட வாசல். பறவைல இருந்து வார வெளிச்சம் அந்த வாசல் வழியாத்தான் உள்ள வரணும், பின்னால எத்தனை கன்வர்ட்டர அடுக்கினாலும் முன்னால இருக்க வாசல் ஒரு இஞ்சு கூட பெருசாகாது கேட்டியா. எவ்வளவு நுணுக்கமா பாக்க முடியும்ங்கதையும் இந்த வாசலோட அகலம்தான் தீர்மானிக்குது, டிஃப்ராக்ஷன்னு சொல்லுதது இதத்தான். பெரிய 600 எஃப்4 வச்சிருக்கவனுக்கு வாசல் 150 மி.மீ., அவன் கன்வர்ட்டர் போட்டு சந்தோஷமா படம் எடுக்கான்னா அதுக்குக் காரணம் இதுதான், அவன் லென்ஸ்கிட்ட சென்சார் புடிக்க முடியாத அளவுக்கு நுணுக்கம் மிச்சம் கெடக்கு, கன்வர்ட்டர் அத இழுத்து வெளிய கொண்டாருது.

உன்கிட்ட அந்த மிச்சம் கொஞ்சந்தான் இருக்கு. ஆர்7 சென்சார் 32.5 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி, ஒரு பிக்சல் 3.2 மைக்ரான்தான் வரும். எஃப்8-ல ஒரு புள்ளி வெளிச்சம் சென்சார்ல விழும்போது ஏறக்குறைய 11 மைக்ரான் அகலத்துக்குப் பரவும், எஃப்11-ல 15, எஃப்16-ல 21 சில்லறை. அதாவது 2 எக்ஸ் போட்டா ஒரு புள்ளியே ஆறு ஏழு பிக்சலுக்கு அப்பிக் கெடக்கும். கணக்குப் போட்டுப் பாத்தா இந்த லென்ஸ் தர முடியற கடைசி சொட்டு டீடெயில் 1.4-லயே முடிஞ்சிரும், அதுக்கு மேல 2 எக்ஸ்ங்கது வெறுமனே பெருசாக்குதது, அத கம்ப்யூட்டர்ல இருந்துக்கிட்டே செஞ்சிரலாம், காசும் வேண்டாம். இதே 1.4-ஐ 20, 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் பாடில நல்ல எஃப்4 ப்ரைம் (ஜூம் இல்லாத) லென்ஸோட போட்டா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், அதனாலதான் ஒருத்தன் சூப்பர்ங்கான் இன்னொருத்தன் குப்பைங்கான், ரெண்டு பேரு சொல்லுததும் உண்மைதான், கையில இருக்க சாமான் வேற.

இன்னொண்ணு, கன்வர்ட்டர் போட்டா ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்வு) ஏறும், நாய்ஸ் (படத்துல பொடிப்பொடியா தெரியுத புள்ளி) கூடும்னு பயமுறுத்துவாங்க. பாதிதான் உண்மை. காலைல எஃப்8, 1/1000, ஐஎஸ்ஓ 1600-ல எடுத்து க்ராப் பண்ணுத, அதே பறவைய 1.4 போட்டு எஃப்11, 1/1000, ஐஎஸ்ஓ 3200-ல எடுக்க. ரெண்டையும் பறவை ஒரே சைஸ்ல வாற மாதிரி வச்சுப் பாத்தா நாய்ஸ் ஏறக்குறைய ஒண்ணு போலத்தான் இருக்கும், வாசல் வழியா வந்த வெளிச்சம் ஒண்ணுதானல. நிஜ நஷ்டம் வேற எடத்துல இருக்கு, ஆட்டோஃபோகஸ். ஃபோகஸ் பண்ணுத பிக்சலுக்கு வெளிச்சம் பாதியாகுது, காண்ட்ராஸ்டும் கொறையுது, அதனால தேடும், முன்னயும் பின்னயும் போயிட்டு வரும். கேனானோட பழைய இஎஃப் எக்ஸ்டெண்டர்ல 1.4 போட்டா ஃபோகஸ் மோட்டார் வேகத்த பாதியா, 2 போட்டா கால்வாசியா கம்பெனியே கொறச்சு வச்சிருந்தான், துல்லியம் போகக்கூடாதுன்னு. உன் ஆர்7 மாதிரி மிரர்லெஸ்ல எஃப்16-லயும் ஃபோகஸ் ஆகத்தான் செய்யும், ஆனா காலை ஆறரை மணிக்கு பறக்குத ஆலாவ எஃப்16-ல துரத்துதது வீண் வேலை. டிஎஸ்எல்ஆர் வச்சிருக்கவங்களுக்கு இன்னும் கஷ்டம், பல பாடில எஃப்5.6 தாண்டினா ஃபோகஸே கெடையாது, நல்ல பாடில எஃப்8 வரைக்கும், அதுவும் நடு பாயிண்ட் மட்டும்னு இருக்கும்.

அப்பறம் பறவைய கண்டுபுடிக்கதே பெரும்பாடு. ஆர்7-ல 560ங்கது ஃபுல் ஃப்ரேம் கணக்குல 900 கிட்ட. உக்காந்திருக்க கூழைக்கடான்னா பிரச்சினை இல்ல, பறக்குதத வ்யூஃபைண்டருக்குள்ள கொண்டாரதுக்குள்ள அது பழையாத்து முகத்த தாண்டி கடலுக்குப் போயிரும்.

இப்பம் காத்துக்கு வருவோம், நம்ம மாவட்டத்துல இதுதான் முக்கியம், ஆனா லென்ஸ் பத்தி பேசுத யாரும் இதப் பேச மாட்டாங்க. புத்தளம், சாமித்தோப்பு உப்பளம் பக்கம் போயிருப்பலா, ஒம்பது மணிக்கு மேல பாத்திக்கு மேல காத்து தளதளன்னு ஆடும். அந்த வரப்புல நிக்க பவளக்கால் உள்ளானோட காலப் பாரு, நேரா இருக்க வேண்டிய செவப்புக் கால் நெளிஞ்சு நெளிஞ்சு இருக்கும். நீ 150 மீட்டர் தூரத்துல இருந்து 400-ல எடுத்தா அந்த நெளிவு கொஞ்சம் மறைஞ்சு கெடக்கும், 800-ல எடுத்தா நெளிவு ரெண்டு மடங்கா பெருசாகி வரும், கண்ணு எங்க இருக்குன்னே தெரியாது. ஆளு என்ன நெனைப்பான்னா கன்வர்ட்டர் சாஃப்ட், லென்ஸ் சாஃப்ட்னு நெனைச்சு சாமான வித்துட்டுப் போயிருவான். லென்ஸும் நல்லாத்தான் இருக்கு கன்வர்ட்டரும் நல்லாத்தான் இருக்கு, காத்துதான் சாஃப்ட்.

சோதிக்கதுக்கு வழி இருக்கு. ட்ரைபாட்ல வச்சு, ஸ்க்ரீன்ல பத்து மடங்கு பெருசாக்கி, தூரத்துல அசையாத ஒரு சாமான பாரு, உப்பளத்துல நட்டிருக்க கம்பு, கரண்டு போஸ்ட்டு, ஏதோ ஒண்ணு. ஓரம் அலையடிச்சா கேமராவ உள்ள வச்சிட்டு டீ குடிக்கப் போயிரு, அன்னைக்கு தூரத்துப் பறவை கெடையாது, கிட்ட வாறத மட்டும் எடு. விடிஞ்சு ஒண்ணு ஒண்ணரை மணி நேரம், மழை பெஞ்ச மறுநா, மேகம் மூடின நாளு, இதெல்லாம் நல்ல நேரம். காஞ்ச வரப்புக்கு மேல பாக்கதுக்கும் தண்ணிக்கு மேல பாக்கதுக்கும் வித்தியாசம் உண்டு, தண்ணி கொஞ்சம் பரவாயில்ல. தரையோட படுத்து எடுத்தா பின்னணி அழகா வரும், ஆனா வெயில் ஏறினப்பறம் படுத்தா தரையை ஒட்டி இருக்க சூட்டுக் காத்து வழியாத்தான் பாக்க, அதையும் யோசிச்சுக்க. கார்ல ஏசி போட்டுட்டு கண்ணாடிய எறக்கி எடுக்காத, உள்ள குளுந்த காத்தும் வெளிய சூட்டுக் காத்தும் கலக்குத எடத்துல உன் லென்ஸ் இருக்கும், அதுக்கு ஏசிய அணச்சு கொஞ்ச நேரம் விட்டுட்டு எடு. பானெட்டுக்கு மேல வச்சு எடுக்கது அதவிட மோசம்.

மணக்குடி பாலத்துல நின்னு எடுக்கேன்னு சொல்லிருந்த. பாலத்துல பஸ்ஸு போகும்போது ட்ரைபாட் ஆடும், 560-ல அது நல்லாவே தெரியும், வண்டி இல்லாத நேரம் பாத்து எடு, இல்லன்னா கையில புடிச்சு ஸ்டெபிலைசர் ஆன் பண்ணி எடு. காலைல கீழமணக்குடி பக்கம் நின்னு மேக்கால பாத்தா சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கும், சாயங்காலம் மேலமணக்குடி பக்கம் போயிரு. கடக்காத்து பலமா இருந்தா ஹூட கழட்டிரு, காத்து அதுலதான் புடிச்சு ஆட்டும். ஒரு பைல பயறோ அரிசியோ போட்டு கட்டி கைப்பிடிச் சுவர்ல வச்சு அதுக்கு மேல லென்ஸ வச்சா பெரிய ட்ரைபாட விட உருப்படியா நிக்கும்.

உப்புக் காத்த மறந்திராத. கன்வர்ட்டர் மாட்ட கழட்டன்னு தொறக்குத ஒவ்வொரு தடவையும் சென்சார் வெளிய தெரியுது. ஆர்எஃப் 100-400-க்கு வெதர் சீலிங்கும் கெடையாது, எக்ஸ்டெண்டர்ல சீலிங் இருக்கேன்னு நம்பி கடக்கரைல நின்னு மாட்டாத, வீட்டுலயே மாட்டிட்டுப் போ, இல்ல வண்டிக்குள்ள இருந்து மாட்டு.

சொல்லப்போனா தூரம்தான் பிரச்சினைன்னா மணக்குடிய விட்டுட்டு தேரூர் குளத்துக்கு போலாமே. 2022-ல சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் ராம்சார் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) வந்ததுல இருந்து கேமராக்காரங்க கூட்டம் கூடிருக்கு, அது ஒரு கதை, ஆனா அங்க நீலத்தாழைக்கோழியும் இலைக்கோழியும் ரோட்டுக்குக் கிட்டயே தாமரை இலைக்குள்ள மேயும், வண்டிய விட்டு எறங்காம இருந்தா அதுபாட்டுக்கு வரும். 400 தாராளமா போதும். மணக்குடியிலயும் பூநாரைய நோக்கி நடக்காம அது மேஞ்சு வாற வழில முன்கூட்டியே போய் சும்மா உக்காந்திரு, பாதி தூரம் அதுவே வந்து கொறைச்சுத் தரும், நீ கிட்டப் போனா கூட்டமா எந்திரிச்சுப் போயிரும், அன்னைக்கு அதுகளுக்கும் இரை இல்ல உனக்கும் படம் இல்ல.

நிலா கதை வேற. நிலா வெயில்ல கெடக்குத பாறைதான், வெளிச்சத்துக்குப் பஞ்சமே கெடையாது, ஃபோகஸும் திணறாது, அசைவும் கம்மி. எஃப்11, ஐஎஸ்ஓ 100, 1/100-ல ஆரம்பிச்சு கூட்டிக் கொறைச்சுக்க, 2 எக்ஸ் போட்டு எஃப்16-ன்னா 1/50. சென்சார்ல நிலாவோட அகலம் 400-ல ஏறக்குறைய 1,100 பிக்சல், 560-ல 1,600, 800-ல 2,300 வரும், உன் ஃப்ரேமோட உயரம் 4,640 பிக்சல். பாக்க 800 பிரமாதமா இருக்கும், ஆனா மேல சொன்ன அந்த 50 மி.மீ. கணக்கு இங்கயும் உண்டு, 560-ல தெரியாத பள்ளம் எதுவும் 800-ல புதுசா தெரியப் போறதில்ல.

வள்ளுவரோட சேத்து எடுக்கதுக்கு கன்வர்ட்டர விட கால்தான் முக்கியம். நெறைய பேரு கரைல நின்னு 400-ல சிலைய புடிச்சுட்டு நிலா ஏன் இத்தன சின்னதா இருக்குன்னு கேக்காங்க. நிலா வானத்துல அரை டிகிரிதான், எந்த லென்ஸ் போட்டாலும் நிலாவும் சிலையும் சேந்தே பெருசாகும், ரெண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. விகிதத்த மாத்தணும்னா பின்னால போகணும். சிலை பீடத்தோட சேத்து 133 அடி, அதாவது நாப்பது மீட்டர் சொச்சம். நீ அர கிலோமீட்டர்ல நின்னா சிலை இருக்க எடத்துல நிலா வெறும் நாலர மீட்டர் அகலத்துக்குத்தான் தெரியும், தலையளவு கூட வராதுன்னு வச்சுக்க. ஒரு கிலோமீட்டர்ல ஒம்பது மீட்டர், ரெண்டு கிலோமீட்டர்ல பதினெட்டு, நாலர கிலோமீட்டர் போனா நிலாவும் சிலையும் ஒரே உயரம். அத்தன தூரம் போனாத்தான் நீளமான லென்ஸ் வேணும், ரெண்டு கிலோமீட்டர்ல 400-லயே சிலை ஃப்ரேமோட பாதிய அடைச்சிரும், அதனால அங்கயும் கன்வர்ட்டர் கட்டாயம் இல்ல. சிலைல ஃபோகஸ் வச்சா அந்த தூரத்துல நிலாவும் ஷார்ப்பா விழும்.

நிலா கெழக்கால உதிக்கும், அப்பம் நீ சிலைக்கு மேக்கால, சிலை மறையாம தெரியுத எடமா பாத்து நிக்கணும், மாசத்துக்கு மாசம் நிலா உதிக்க எடம் வடக்கயும் தெக்கயும் நகரும், அத ஃபோன்ல உள்ள ஆப்ல முன்னாலயே பாத்துக்க. பௌர்ணமி அன்னைக்கு போறத விட முந்தின நாளு போ, சூரியன் மறையதுக்கு முன்னாலயே நிலா வந்திரும், சிலை மேலயும் வெளிச்சம் இருக்கும், 2024 கடைசில தொறந்த கண்ணாடிப் பாலமும் தெளிவா விழும். பௌர்ணமி அன்னைக்கு இருட்டினப்பறம்னா ஒண்ணு நிலா வெளுத்துரும் இல்லன்னா சிலை கறுத்துரும். கடலுக்கு மேல ரொம்ப தாழ்வா இருக்கும்போது நிலா மங்கலா, நெளிஞ்சு போய்தான் இருக்கும், அது காத்தோட வேலை, கொஞ்சம் ஏறட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை, இதே ஆசைல காலைல சூரியனப் பாத்து லென்ஸ திருப்பிராத, தண்ணிய விட்டு ஒரு சாண் மேல ஏறிட்டா டெலி லென்ஸ் வழியா வாற சூடு சென்சாரப் பொசுக்கிரும், டிஎஸ்எல்ஆர்னா கண்ணே போயிரும்.

இந்த லென்ஸுக்கு எக்ஸ்டெண்டர் நெசமாவே உதவுத எடம் ஒண்ணு இருக்கு, அத நீ கேக்கவே இல்ல. பட்டாம்பூச்சி, தும்பி. கன்வர்ட்டர் போட்டாலும் லென்ஸ் எத்தன கிட்டத்துல ஃபோகஸ் பண்ணுமோ அந்த தூரம் மாறாது, ஆனா உருவம் பெருசாகும். ஆர்எஃப் 100-400 ஏற்கனவே பூச்சிய சென்சார்ல அதோட நெஜ அளவுல 0.41 மடங்கு வரைக்கும் விழ வைக்கும், 1.4 போட்டா 0.57, 2 போட்டா 0.82, ஏறக்குறைய மேக்ரோ லென்ஸ்தான். பூச்சிக்கு எப்படியும் எஃப்11, எஃப்16 வைக்கத்தான் போற, பூச்சி முழுசும் ஷார்ப்பா வரணும்லா, அதனால அங்க எஃப்16ங்கது குத்தமில்ல, கூட ஒரு ஃப்ளாஷ் இருந்தா காளிகேசம் ஓடைக்கரைல ஒரு மீட்டர் தள்ளி இருந்தே தும்பியோட றெக்கை நரம்ப எண்ணிரலாம். பூச்சிதான் உனக்கு உசிருன்னா 1.4 வாங்கு, நான் தடுக்கல.

அண்ணனோட 70-200 எஃப்2.8 பத்தி. 200-ஐ 2.8-ஆல வகு, வாசல் 71 மி.மீ. உன்னோடத விட அதுல உள்ள வார வெளிச்சம் இரட்டிப்பு. அதுல இஎஃப் 1.4 எக்ஸ் மூணாவது மாடல் போட்டா 280 எஃப்4, ரொம்ப நல்லா இருக்கும், மேடைல ஆட்டம், கோயில் திருவிழான்னு அண்ணனுக்கே உபயோகப்படும். 2 எக்ஸ் போட்டா 400 எஃப்5.6, உன் லென்ஸ விட ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட, ஆனா எஃப்8-க்கு மூடினாத்தான் கூர்மை வரும், அப்பம் நீ நின்ன எடத்துலயேதான் நிக்க, வெயிட்டு மட்டும் ஒண்ணரைக் கிலோவுக்கு மேல. மாட்டுத வரிசை: லென்ஸ், அதுக்குப் பின்னால இஎஃப் எக்ஸ்டெண்டர், அப்பறம் இஎஃப் லென்ஸ ஆர்7-ல மாட்ட உதவுத அடாப்டர், கடைசில பாடி. ஆர்எஃப் எக்ஸ்டெண்டர அடாப்டரோட சேக்காத.

பொதுவா ஒண்ணு, எக்ஸ்டெண்டரோட முன் கண்ணாடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், கேமராவோட சேந்து வாற கிட் லென்ஸ்ல வச்சு அழுத்தினா பின் கண்ணாடில இடிச்சு ரெண்டும் போயிரும், அதனால கம்பெனி பட்டியல்ல உன் லென்ஸ் பேரு இருக்கான்னு பாத்துட்டு மாட்டு. ஆர்எஃப் 100-500-ல 300-க்கு கீழ ஜூம் பண்ண முடியாது எக்ஸ்டெண்டர் கெடந்தா. ஆர்எஃப் 70-200 எஃப்2.8 முதல் மாடல்ல மாட்டவே முடியாது. சோனிக்காரங்க சிக்மா, டாம்ரான் லென்ஸ் வச்சிருந்தா கன்வர்ட்டர் ஆசைய விட்டிரணும், சோனியோட 200-600-க்குப் போடலாம், 1.4 போட்டா 600 பக்கம் எஃப்9 ஆகும். நிக்கான் 180-600-க்கும் அதே கணக்குதான். லென்ஸுக்கு முன்னால திருகி மாட்டுத சல்லிசு கன்வர்ட்டர் ஒண்ணு ஆன்லைன்ல விக்கான் பாத்தியா, அந்த எளவ வாங்காத.

இப்பம் அந்தக் காசு. ஆர்எஃப் 1.4 எக்ஸ் புதுசு வாங்கினா உன் லென்ஸ் விலைல முக்கால்வாசி வந்திரும். அத்தோட 100-400-ஐயும் வித்துக் கெடைக்கதையும் சேத்தா செகண்ட் ஹேண்ட்ல சிக்மாவோ டாம்ரானோ 150-600 இஎஃப் மவுண்ட் ஒண்ணு தேடலாம், அடாப்டர் போட்டு மாட்டலாம், 600-ல எஃப்6.3, வாசல் 95 மி.மீ., உன்னோடத விட மூணர மடங்கு வெளிச்சம். கன்வர்ட்டரே இல்லாம பூநாரை இப்பம் வாறத விட ஒண்ணரை மடங்கு பெருசா வரும். வெயிட் ரெண்டு கிலோ, கை வலிக்கும், அத மட்டும் யோசிச்சுக்க. அதே மாடல்லயே சில லென்ஸுக்கு ஆர்7-ல ஃபோகஸ் அல்லாடும், அதனால லென்ஸோட ஃபர்ம்வேர் புதுசா இருக்கான்னு கேட்டு, உன் பாடிலயே மாட்டி, ஒரே எடத்துல நிக்க பறவைய வரிசையா இருபது படம் எடுத்து எத்தன ஷார்ப்னு பாத்துட்டு காச குடு. நம்ம ஊரு ஈரத்துக்கு ஃபங்கஸ் சீக்கிரம் புடிக்கும், ஃபோன் டார்ச்ச பின்னால வச்சு சாய்ச்சு உள்ள பாரு, செலந்தி வலை கணக்கா வெள்ளையா ஏதாவது தெரிஞ்சா எத்தன சல்லிசுக்குக் குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிட்டு வந்திரு.